காலரா குடிசையில் பிறக்கிறதா?

ஊரில் வாந்திபேதி கண்டதும் பெரிய மனிதர்கள் என்ன சொல்கிறார்கள்? "இந்த ஜனங்களுக்குச் சுத்தமே தெரியாது" என்கிறார்கள். மில் தொழிலாளிக்கும் பண்ணையாளுக்கும் கை கழுவ உபதேசம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கை கழுவ வேண்டியதுதான். ஆனால் கழுவுகிற தண்ணீர் எப்படிப்பட்டது என்று அவர்கள் கேட்பதுண்டா?

காலரா அம்மன் கோபத்தால் வருவதல்ல. கெட்ட காற்றாலும் வருவதல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீரில் கலந்து, இன்னொருவர் வாய்க்குள் போகிறது. உடம்பின் நீரெல்லாம் பேதியாகி, வைத்தியம் கிடைக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோச் 1884ல் கல்கத்தாவில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்தார். ஜனங்கள் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார்.

எட்டு வருஷம் கழித்து, அவருடைய நாட்டிலேயே, ஹாம்பர்க் துறைமுகத்தில் நடந்ததைப் பாருங்கள்.

ஹாம்பர்க்கில் வியாபாரிகளும் வீட்டுச் சொந்தக்காரர்களும் வைத்ததே சட்டம். எல்பே நதித் தண்ணீரை வடிகட்டாமலே குழாயில் விட்டார்கள். ஊர்ச் சாக்கடையும் அதே நதியில்தான்! கடல் ஏற்றத்தின்போது சாக்கடை நீர், தண்ணீர் எடுக்கும் இடம் வரை எதிர்த்து வந்தது. வடிகட்டும் நிலையம் வேண்டுமென்ற பேச்சு, செலவை யார் கொடுப்பது என்ற தகராறில் வருஷக்கணக்காக இழுபட்டது. 1890ல்தான் வேலை தொடங்கியது.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. தெரிந்தும் அதிகாரிகள் பல நாள் வாய் திறக்கவில்லை. சொன்னால் துறைமுக வியாபாரம் படுத்துவிடுமே! ஜனங்கள் அதே தண்ணீரைக் குடித்தார்கள். 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். தண்ணீர் காய்ச்ச ஆளும், ஊரைவிட்டு ஓடப் பணமும் உள்ளவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். பழியோ, அமெரிக்கா போகக் காத்திருந்த ரஷ்ய நாட்டு ஏழைகள் தலையில்! கிருமி அவர்களோடு வந்திருக்கலாம். வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருடைய குழாய்?

பக்கத்து ஊர் ஆல்டோனா. ஹாம்பர்க் சாக்கடை கலந்து வரும் அதே நதிதான் அதற்கும். ஆனால் அங்கே மணலில் வடிகட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில், ஹாம்பர்க் குழாய் உள்ள வீடுகளில் காலரா. ஆல்டோனா குழாய் உள்ள வீடுகளில் அநேகமாக இல்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் மட்டும் வேறு!

மூனிச் பேராசிரியர் பெட்டன்கோபர் இதை ஒப்பவில்லை. மண்ணின் தன்மையே முக்கியம் என்று சாதித்து, அந்த அக்டோபரில் காலராக் கிருமியையே குடித்துக் காட்டினார். லேசான பேதியோடு பிழைத்துக்கொண்டார். துணிச்சலான கிழவர்தான். ஆனால் ஒருவர் பிழைத்ததால் எல்பே தண்ணீர் சுத்தமாகிவிடுமா? செலவுக்கு அஞ்சியவர்களுக்கு அவருடைய சித்தாந்தம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களைத் தொழிலாளர் பேட்டைகளில் கொடுக்க, அந்தச் சீமான்கள் தாங்கள் வெறுத்த சோஷலிஸ்டுகளையே நாட வேண்டியிருந்தது.

வடிகட்டும் நிலையம் 1893 மே மாதம் ஓடத் தொடங்கியது. வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்ட வேலை, பிணங்கள் விழுந்த பிறகு ஒன்பதே மாதத்தில் முடிந்துவிட்டது!