கணக்கில் எரியும் விளக்கு

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 28ந் தேதி மணிப்பூர் மாநிலத்து லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்தது. இனி இந்தியாவில் மின்சாரம் இல்லாத கிராமமே இல்லை என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. 2015ல் பாக்கி என்று சொல்லப்பட்ட 18,452 கிராமங்களின் கணக்கு அன்றோடு தீர்ந்தது. மலையிலும் காட்டிலும் கம்பம் சுமந்து கம்பி இழுத்த தொழிலாளர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் ‘மின்சாரம் பெற்ற கிராமம்’ என்றால் என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சர்க்காரின் விதி இதுதான். ஊருக்குள் டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் வந்திருக்க வேண்டும். தலித் குடியிருப்பு இருந்தால் அங்கும் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், ஆஸ்பத்திரி போன்ற பொது இடங்களுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும். வீடுகளுக்கு? நூற்றுக்குப் பத்து வீட்டில் இருந்தால் போதும்! மீதி 90 வீட்டில் சிம்னி விளக்கு புகைந்தாலும் கணக்கில் அந்த ஊர் ஜெகஜோதியாக இருக்கும். நாளைக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் வர வேண்டும் என்று அந்த விதியில் ஒரு சொல்லும் கிடையாது.

இதுவும் 2004ல் திருத்திய விதி. 1997 வரை இருந்தது இன்னும் வேடிக்கை. கிராமத்தின் ரெவின்யூ எல்லைக்குள் எந்தக் காரியத்துக்கு மின்சாரம் உபயோகமானாலும் சரி. பண்ணையார் வயலில் ஒரு பம்புசெட் ஓடினால் ஊரே மின்சாரம் பெற்றதாக எழுதிக்கொள்ளலாம்! 2004ல் விதி இறுகியதும் ஏராளமான கிராமங்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. ஒரு கம்பியும் அறுந்துவிடவில்லை, அளவுகோல்தான் மாறிற்று.

கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. கூலி இத்தனை மரக்கால் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சின்ன மரக்காலால் அளந்து போட்ட மிராசுதார்களை அவர்கள் பார்த்தவர்கள். முத்திரை போட்ட மரக்காலால் அள என்று 1940களில் போராடியவர்கள். மில் தோழர்களுக்கும் தெரியும்: கதிர் சுற்றுவதை மட்டும் எண்ணினால் நூல் விழுந்ததா, அறுந்து கிடக்கிறதா என்பது தெரியாது.

அளவே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2017ல் வந்த சௌபாக்யா திட்டம் ஊரை விட்டு வீட்டை எண்ணத் தொடங்கியது. அது நல்ல மாற்றமே. 2006ஆம் ஆண்டுக் கிராம மின்மயக் கொள்கைப்படி, ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று சர்டிபிகேட் தர வேண்டியது கிராமப் பஞ்சாயத்து. வருஷா வருஷம் மார்ச் 31 நிலவரப்படி அதை உறுதி செய்ய வேண்டியதும் பஞ்சாயத்துதான். இந்த அதிகாரம் தங்கள் கையில் இருப்பது எத்தனை ஊர் ஜனங்களுக்குத் தெரியும்?

குடிதண்ணீர் விஷயமும் இப்படித்தான். 2019ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் எத்தனை வீட்டுக்குக் குழாய் என்ற எண்ணிக்கைதான் விளம்பரமாகிறது. கொடுத்த வாக்குறுதியோ ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். குழாயை எண்ணுவது சுலபம். இதை அளக்கக் குடம் வேண்டும், குடம் தூக்குகிற பெண்களைக் கேட்கவும் வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினால்தான் ஊருக்கு அந்தச் சான்று உறுதியாகும். தமிழ்நாட்டில் மே 1ந் தேதியும் கிராம சபை கூடுகிறது. அன்று மில்லுக்கும் லீவு. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுமுன் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை குடம் வந்தது என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.