சிவப்புப் பெட்டியின் மொழி

எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களில் மாடிதோறும் படிக்கட்டின் அருகே ஒரு சிவப்புப் பெட்டி உண்டு. உள்ளே சுருட்டிய தீயணைப்புக் குழாய், பித்தளை நாசில், பக்கத்தில் வால்வு. மேலே எழுதியிருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். நள்ளிரவுக்குப் பின் அந்த மாடியில் விழித்திருப்பவரோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த காவலாளி. அவருக்காக அந்தப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை.

“குழாய் பிடிப்பது தீயணைப்பு வீரரின் வேலை, காவலாளிக்கு எதற்கு?” என்பார்கள். இது பாதி உண்மை. 63 மில்லிமீட்டர் விட்டமும் 15 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் நீர் நிறைந்தால், நீரின் எடை மட்டும் ஏறத்தாழ 47 கிலோ. 20 மில்லிமீட்டர் நாசில் வழியே 7 பார் அழுத்தத்தில் நீர் பாயும்போது, பிடித்திருப்பவரை அது சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னுக்குத் தள்ளும். அதனால்தான் முன்னால் ஒருவர் நாசிலைப் பிடிக்க, பின்னால் ஒருவர் குழாயைத் தாங்குகிறார். மூன்றாமவர் குரல் கேட்கும்வரை காத்திருந்து வால்வை மெல்லத் திறக்கிறார். பிடிக்க ஆளில்லாமல் திறந்துவிட்டால் அந்தப் பித்தளை முனை சாட்டையாகச் சுழன்று எலும்பை முறிக்கும். தனியாக நிற்கும் காவலாளி அதைத் தொடக்கூடாது.

ஆனால் அருகிலேயே உருளையில் சுற்றிய சிறு ரப்பர் குழாயும் இருக்கும். கட்டடத்தில் இருப்பவர்கள் தொடக்கத்திலேயே தீயை அடக்குவதற்கென வைக்கப்பட்டது அது. முதலில் வால்வைத் திறந்து, குழாயை இழுத்துச் சென்று, கடைசியில் முனையைத் திறக்க வேண்டும். ஒருவரே போதும். இரண்டுக்கும் ஒரே சிவப்பு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, மின்சாரத்தைத் துண்டிக்காமல் யூபிஎஸ் அறைக்குள் ஏன் நீர் பாய்ச்சக்கூடாது என்பதெல்லாம் அவர் வாசிக்க இயலாத மொழியில் கிடக்கிறது.

படம் போட்டிருக்கிறதே என்று சிலர் வாதிடலாம். குழாய் எங்கே இருக்கிறது என்பதைப் படம் காட்டும். “இது முடிந்த பிறகுதான் அது”, “இன்னது நடக்காவிட்டால் செய்யாதே” என்பவற்றை வரைவது எளிதன்று. வரிசையும் நிபந்தனையும் எதிர்மறையும் சொற்களின் வேலை.

பயிற்சி? அது பகலில் நடக்கிறது. ஊழியர்கள் கைபேசியோடு கூடுமிடத்தில் நிற்க, காவலாளி விசில் ஊதுகிறார். குழாயை விரிப்பது அபூர்வம். நனைந்த குழாயை வடித்துக் காயவைக்க வேண்டுமே! ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் உட்பூச்சு வெடிக்கும் என்ற கவலையும் எவருக்கும் இல்லை.

இந்த நகரம் தீயை அறியாததன்று. 2010 பிப்ரவரி 23 அன்று கார்ல்டன் டவர்ஸில் 9 பேர் இறந்தனர். எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி அதே ஒசூர் சாலையில் உள்ள அத்திப்பள்ளியில், 2023 அக்டோபர் 7 அன்று பட்டாசுக் கடை எரிந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த தமிழ்நாட்டு இளைஞர்கள். பட்டாசுத் தீயைக் குழாய் அடக்கியிருக்கும் என்பதன்று வாதம். அந்தச் சாலை வழியே வேலைக்கு வருவோரின் உயிர் எவ்வளவு மலிவாகக் கணக்கிடப்படுகிறது என்பதே கேள்வி.

பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என 2024இல் சட்டம் திருத்தப்பட்டது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் தெருவை நோக்கிய பலகைக்குக் கிடைத்த அக்கறை படிக்கட்டோரப் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. அங்கே கன்னடக் காவலாளிக்கும் தமிழ்க் காவலாளிக்கும் ஒரே கதிதான்.

கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா, அசாமியம் ஆகியவற்றில் ஐந்தைந்து வரி அச்சிட்டு ஒட்டப் பெரும் பணம் வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று: சான்றிதழுக்காகச் சோதனை செய்வோர் இரவு இரண்டு மணிக்கு வரட்டும். பாதுகாப்பு மேலாளரை விட்டுவிட்டு, அந்த மாடியில் நிற்கும் காவலாளியிடம் ரப்பர்க் குழாயை இழுத்து நீர் பாய்ச்சிக் காட்டச் சொல்லட்டும்.