எலுமிச்சை இலை மஞ்சளாகிறதா? அரிவாளை எடுக்கும் முன்...

‘புது வீட்டுக்கு வந்தப்ப எங்கம்மா வெச்சுக் கொடுத்த எலுமிச்சை. மூணு வருஷம் ஆகுது. இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு. யூரியா போட்டும் தேறலை. வெட்டிட்டு வேற வைக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. அம்மா இப்ப இல்லை. மனசு வர மாட்டேங்குது. காப்பாத்த முடியுமா?’

போன வாரம் வாசகி ஒருவர் இப்படிக் கேட்டு, போட்டோவும் அனுப்பியிருந்தார். பார்த்தவரை, காப்பாற்றலாம் என்றுதான் தோன்றுகிறது.

இலை மஞ்சளானதுமே நாம் உரக்கடைக்கு ஓடுகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வி: மஞ்சளானது அடி இலையா, நுனி இலையா?

தழைச்சத்தும் மெக்னீசியமும் குறைந்தால், செடி பழைய இலைகளிலிருந்து அவற்றை உருவி, துளிருக்கு அனுப்பிவிடும். பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கும் தாய் மாதிரி. அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். இரும்பும் துத்தநாகமும் அப்படிச் சுலபமாக இடம் மாறாது. அவை குறைந்தால் துளிர்தான் முதலில் வெளுக்கும்.

வாசகியின் மரத்தில் வெளுத்திருப்பது நுனி இலைகள். நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரிகின்றன. இது இரும்பு, துத்தநாகக் குறைபாட்டின் அடையாளம். யூரியா இதைச் சரிசெய்யாது.

‘மரம் எங்கே நிற்கிறது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?’ என்று கேட்டேன். காம்பவுண்டு சுவர் ஓரம். வீடு கட்டி மிஞ்சிய சிமென்ட், ஜல்லி கொட்டிய இடம். தினமும் வாஷிங் மெஷின் தண்ணீர். விஷயம் புரிந்துவிட்டது. சிமென்ட்டும் சோப்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால், வேருக்குக் காற்றும் கிடைக்காது.

செய்ய வேண்டியவை: சோப்புத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். வேர் அறுபடாமல் மேலாகக் கொத்தி, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். தண்டைத் தொடாமல், சற்றுத் தள்ளி மக்கிய தொழுவுரம் போடுங்கள். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து, மாலையில் இலைகள் நனையத் தெளியுங்கள். சில நாள் கழித்து அன்னபேதி உப்பும் இதே அளவில். முதலில் நாலைந்து இலைகளில் தெளித்து, கருகவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் வீட்டு எலுமிச்சையில் வேறு அறிகுறிகள் தெரிந்தால்...

அடி இலை முழுக்க மஞ்சள்: தழைச்சத்துக் குறைவு. தொழுவுரம் போதும். காம்பை ஒட்டி ஆப்பு வடிவில் மட்டும் பச்சை மிஞ்சியிருந்தால், மெக்னீசியக் குறைவு. எப்போதாவது ஒன்றிரண்டு பழைய இலை உதிர்வது இயல்பு.

துளிரில் வெள்ளிக்கோடு, சுருட்டல்: இலைத் துளைப்பான் புழு. அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டு, புதுத் துளிரில் லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள்.

இலைமேல் பறவை எச்சம்: உற்றுப் பாருங்கள், நகரும்! எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு அது. வளர்ந்தால் பச்சையாகிவிடும். சின்ன மரத்தை மொட்டையடித்துவிடும் என்பதால், கையாலேயே எடுத்துவிடுங்கள்.

சொரசொரப்பான பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம்: சொறி நோய். மழைச் சாரலில் பரவும். பாதித்த கிளைகளை ஈரமில்லாத நாளில் வெட்டி எரித்துவிட்டு, லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளியுங்கள்.

வாசகிக்கு ஒரு வார்த்தை: வெளுத்த இலைகள் எல்லாமே பழையபடி பச்சையாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வரும் துளிரைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால், அம்மா வைத்த மரம் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அரிவாள் பரண்மேலேயே இருக்கட்டும்!

போட்டோ அனுப்புகிறவர்கள் நுனி இலை, அடி இலை, இலையின் பின்பக்கம், மரம் நிற்கும் இடம் என நான்கையும் எடுத்து அனுப்புங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.