முதுமையா குற்றம்?
நீண்டகால றொக் குழுக்களின் மேடை பற்றிய ஒரு மறுப்புரை

றொக் இசை இளைஞர்க்கே உரியது. எண்பது அகவையினர் அதனை மேடையேற்றுவது நகைப்புக்கிடமானது. அதனைப் பணங்கொடுத்துக் காணச் செல்வோர் இழந்துபோன இளமையை விலைக்கு வாங்க முயல்வோரே என்றதொரு கருத்து மேனாட்டு இசை விமர்சகர் பலரிடையே வேரூன்றியுள்ளது. றோலிங் ஸ்ரோன்ஸ் குழு 2024ஆம் ஆண்டு வட அமெரிக்காவிற் சுற்றுப்பயணம் மேற்கொண்டபோது, ஐம்பது வயதைக் கடந்தோரின் நலன் பேணும் அமெரிக்க அமைப்பொன்று அதற்கு அனுசரணை வழங்கிற்று. எள்ளி நகையாடக் காத்திருந்தோர்க்கு அது பெருவிருந்தாயிற்று. எள்ளுவது எளிது. ஆயின் எள்ளுவோர் குற்றம் எங்குளதெனக் கண்டுகொண்டனரா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் வயதினை நோக்குவோம். 1962 யூலை 12ஆம் நாள் லண்டன் மார்க்கீ கழகத்தில் முதன்முதலாக மேடையேறிய இக்குழு, தன் பெயரை மடி வாற்றர்ஸ் 1950இற் பதிவுசெய்த ஒரு பாடலிலிருந்தே பெற்றது. மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் உழன்ற கறுப்பினத் தொழிலாளரிடையே உருப்பெற்று, அவர்தம் வழித்தோன்றல்களோடு சிகாகோ நகர் புகுந்த புளூஸ் இசையே றொக் இசையின் தாய். அம்மரபில் முதுமை ஒரு குறைபாடாகக் கருதப்பட்டதில்லை. வாழ்ந்து பட்டவனே பாடத் தகுதியுடையவன் என்பது அதன் எழுதாச் சட்டம். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஹௌலின் வூல்வ் பாடியபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபதுகளில் இருந்த ஸ்ரோன்ஸ் இளைஞர் அவரைச் சூழ்ந்து மாணாக்கர்போல அமர்ந்திருந்தனர். ஜோன் லீ ஹூக்கர் எண்பதைக் கடந்த பின்னரும், 2001இல் மறையும்வரை, மேடையை விட்டு இறங்கவில்லை.

அங்ஙனமாயின் றொக் இளைஞரின் உடைமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட செழிப்பிலே, கையிற் காசு புழங்கிய பதின்பருவத்தினரைத் தனிச்சந்தையாகக் கண்டுகொண்ட இசைத்தட்டு வணிகமே அதனை வளர்த்தது. வணிகர் வகுத்த சந்தைப் பிரிவினையைக் கலையின் இலக்கணமாகக் கொண்டு தீர்ப்பு வழங்கும் விமர்சகர், தாம் எதிர்ப்பதாகக் கூறும் வணிகத்திற்கே தொண்டு செய்கின்றனர்.

இனி, ‘பழைய பாடல்கள் ஒலிப்பதிவிலே கிடைக்கின்றனவே, அவற்றை முதியோர் வாயாற் கேட்பதாற் பயன் என்ன?’ என்பார் கூற்றை நோக்குக. இக்குழுவிலே 1993வரை பேஸ் கிற்றார் வாசித்த பில் வைமன் இதன் ஒலியின் இரகசியத்தை விளக்கியுள்ளார். பெரும்பாலான றொக் குழுக்களில் ஏனையோர் ட்றம் வாசிப்பவரைப் பின்பற்றுவர்; இக்குழுவிலோ ட்றம் வாசித்த சார்ளி வாற்ஸ், கீத் றிச்சர்ட்ஸின் கிற்றாரைப் பின்பற்றினார். அதனால் எழும் நூலிழைத் தாமதமே அவ்விசையின் அசைவாகும். ஒருவர் கையை மற்றவர் செவி தொடர்வதனாற் பிறக்கும் இது, ஒவ்வோர் இரவும் புதிதாகவே பிறந்தாக வேண்டும். 2021 ஓகஸ்ற் 24இல் வாற்ஸ் காலமானார். அடுத்த மாதமே ஸ்ரீவ் ஜோர்டன் அவரிடத்தில் அமர்ந்து வாசிக்கக் குழு பயணம் புறப்பட்டது. பாடல்கள் மாறவில்லை, நடை மாறிற்று. கீல்வாதம் தம் வாசிப்பினை மாற்றியுள்ளதெனவும், அதனால் வேறு வழிகள் புலப்படுவதாகவும் றிச்சர்ட்ஸ் 2023இற் கூறினார். ஒருவர் மறைவும் ஒருவர் விரல்களின் தளர்வும் இசையினுட் புகுந்து அதனை மாற்றுவதைக் காண்பதற்கு மேடையன்றி வேறிடமில்லை.

முதுமையே குற்றமெனில், முதுமையடையாதவொன்று குற்றமற்றதாதல் வேண்டும். அத்தகையதொன்று சந்தைக்கு வந்துவிட்டது. சுவீடன் நாட்டு ‘அபா’ குழுவினரின் இளமைத் தோற்றங்களைக் கணினியால் ஆக்கி, 2022 முதல் லண்டனில் அதற்கெனவே அமைத்த அரங்கிற் காட்டி வருகின்றனர். வாத்தியக் கலைஞர் உயிருடன் அங்கு வாசிப்பினும் பாடும் நால்வரும் நிழல்களே. அமெரிக்க றொக் குழுவான கிஸ், 2023 டிசெம்பர் 2இல் நியூ யோர்க்கில் விடைபெற்ற அதே மேடையிலே தன் கணினி உருவங்களை அறிமுகஞ் செய்தது. அவை நரைப்பதில்லை, களைப்பதில்லை, சொல் மறப்பதுமில்லை. கூலி கேட்பதுமில்லை என்பதே முதலீட்டாளர் காணும் சிறப்பு. நரையை எள்ளுவோர் தம் தருக்கத்தின் முடிவாக இந்நிழல்களையே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

உண்மைக் குற்றம் மேடையில் இல்லை, வாயிலில் உளது. 1969ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயணத்திலேயே ஸ்ரோன்ஸ் குழுவின் நுழைவுச்சீட்டு விலை மிகையானதென சன் பிரான்சிஸ்கோவின் விமர்சகர் றால்ப் கிளீசன் கண்டித்தார். அப்பயண முடிவில், டிசெம்பர் 6ஆம் நாள், அல்ரமொன்ற் என்னுமிடத்தில் இலவச நிகழ்ச்சியொன்று அவசரகதியில் நடத்தப்பட்டது. காவற்பணி மோட்டார் சைக்கிட் கும்பலொன்றின் கையில் விடப்பட, பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் மேடையின் முன்னேயே குத்திக் கொல்லப்பட்டான். மக்களைப் பொறுப்பின்றிக் கூட்டுவதும் மக்களை மதிப்பதாகாது என்பதற்கு அது சான்று. 1981இல் வாசனைத் திரவிய நிறுவனமொன்று இக்குழுவின் பயணத்திற்கு அனுசரணையாளராயிற்று. 1989இல் கனேடிய ஒழுங்கமைப்பாளர் ஒருவர் பயணம் முழுவதையும் ஒருசேர வாங்கிக்கொண்டார். 1994இல் ஈகிள்ஸ் குழு நூறு டொலருக்கு மேற்பட்ட சீட்டுக்களை விற்றது. அதே ஆண்டு, சீட்டு விற்பனையில் ஏகபோகம் நிலவுவதாக பேர்ள் ஜாம் குழு ரிக்கற்மாஸ்ரர் நிறுவனத்திற்கெதிராக அமெரிக்க நீதித் திணைக்களத்திடம் முறையிட்டது. அடுத்த ஆண்டு விசாரணை நடவடிக்கையின்றி மூடப்பட்டது. 2010இல் அந்நிறுவனம் நிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷனோடு இணைந்தது. அவ்விணைப்பினைப் பிரிக்கக் கோரி அதே திணைக்களம் வழக்குத் தொடுத்தது 2024இலேதான்.

‘கேள்வி கூடின் விலை கூடும், பாரிய மேடைக்கும் பல நூறு தொழிலாளர்க்கும் செலவுண்டு’ எனச் சந்தையின் வழக்கறிஞர் வாதிடுவர். தொழிலாளர் கூலி நியாயமானதே. ஆயின் 2024 ஓகஸ்ற் 31இல், பதினைந்தாண்டுகளின் பின் மீளவிணைந்த ஒயாசிஸ் குழுவின் சீட்டுக்கள் விற்பனைக்கு வந்தபோது, ஏறத்தாழ 150 பவுண் எனக் கூறப்பட்டிருந்த சீட்டு, வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்தோர் முறை வந்தபோது 350 பவுணைத் தாண்டியிருந்தது. அந்தச் சில மணி நேரத்தில் எந்தத் தொழிலாளியின் கூலி உயர்ந்தது?

இது தவிர்க்கவொண்ணாத விதியுமன்று. கிரேற்புல் டெட் குழு 1965 முதல் 1995வரை முப்பதாண்டுகள் மேடையையே தன் வாழ்வாகக் கொண்டது. 1983 முதல் இரசிகர்க்கு அஞ்சல்வழி நேரடியாகச் சீட்டு விற்றது. 1984இல் இசையைப் பதிவுசெய்ய விரும்புவோர்க்கென அரங்கில் தனியிடமும் ஒதுக்கிற்று. அதனால் அது வறுமையுறவில்லை. அமெரிக்காவில் மிகுந்த வருவாய் ஈட்டிய குழுக்களுள் ஒன்றாகவே விளங்கிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து இயங்கிவரும் த கியூர் குழு, 2023இன் அமெரிக்கப் பயணத்தில் ஏறும் விலை முறையை மறுத்து, இருபது டொலருக்கும் சீட்டு விற்றது. விற்பனையாளரின் கட்டணம் சீட்டின் விலையையே விஞ்சக் கண்ட அதன் தலைவர் றொபேட் ஸ்மித் பகிரங்கமாகக் கண்டித்தார். கட்டணத்தில் ஒரு பகுதி இரசிகர்க்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒருவர் வாய்திறந்தமையால் இவ்வளவு நிகழுமாயின், ஏனையோரின் மௌனம் இயலாமையாகுமா? ஸ்ரோன்ஸ் குழுவும் 2016 மார்ச் 25இல் ஹவானா நகரில், பல்லாண்டுகள் றொக் இசை ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கியூபாவின் மக்கள் இலட்சக்கணக்கில் திரள, கட்டணமின்றிப் பாடிற்று. எனவே வழி அவர்க்கும் தெரியாததன்று.

மேடையிசை என்பது பாடுவோனும் கேட்போனும் கூடி ஆக்குவது. கேட்போரைப் பணப்பையின் கனங்கொண்டு தெரிந்தெடுத்து, மேடையருகிலுள்ள இடங்களைச் செல்வந்தர்க்குச் சொகுசுப் பொதிகளாக விற்கும்போது, அவ்வாக்கத்தின் ஒரு பாதி வெளியே நிறுத்தப்படுகின்றது. பாடுவோர் எண்பது வயதினராதலால் இக்கேடு மேலும் கொடிது. இன்று விலையால் விலக்கப்படும் இளந்தொழிலாளிக்கு நாளை காண்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள், நிழல்களே இருக்கும். விமர்சகர் பாடகனின் நரையை எண்ணுவதை நிறுத்தி, நுழைவுச்சீட்டின் விலையை வாசிப்பாராக. கலைஞரும், தம் பெயரால் விற்கப்படும் சீட்டின் விலைக்குத் தாம் பொறுப்பல்லர் என்று கூறுவதை இனியேனும் கைவிடுவாராக.