போகவும் வரவும்

தருமபுரி என்றால் தமிழ் படித்தவர்களுக்குத் தகடூர். தகடூர் என்றால் அதியமானும் ஔவையும். நெல்லிக்கனிக் கதையை எல்லோரும் சொல்லிவிடுகிறோம். அதே அதியமான் நெடுமான் அஞ்சியின் அரண்மனை வாயிலில், பரிசில் தரக் காலம் தாழ்த்தியதால் ஔவை சினந்து, வாயிற்காவலனை விளித்துப் பாடிய புறநானூற்றின் 206-ஆம் பாட்டை அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்த ஒரு வாயில் இல்லையென்றால் உலகில் வேறு வாயிலே இல்லையா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். கையில் மழுவோடு காட்டுக்குள் போகும் தச்சனின் பிள்ளைகளுக்கு எந்த மரம் கிடைக்காது என்று கேட்டுவிட்டு, யாழைக் கட்டிக்கொண்டு கிளம்பத் துணிந்தவர் அவர்.

ஔவையின் துணிவுக்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குப் பல திசைகள் திறந்திருந்தன. அதே தகடூரில் இன்று ஒரு சந்தின் கடைசி வீட்டில் குடியிருப்பவருக்கு ஒரே திசைதான் உண்டு. அந்தச் சந்தின் வாயில் அடைபட்டால் அவர் யாழைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்?

இப்படிக் கேட்க நமக்கு ஒரு நிகழ்ச்சி காரணமாயிற்று. தருமபுரி நகரில் நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தின் சந்து அது. தாத்தா ஒருவர் வாங்கிய நீளமான மனை. அவருக்குப் பின் பிள்ளைகளுக்குள் பாகம் பிரிந்து நான்கு வீடுகளாயிற்று. ஓரமாக எட்டடிச் சந்து ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக விட்டார்கள். முதல் வீட்டில் மூத்தவரின் மகன். கடைசி வீட்டில் இளையவரின் மனைவி, கணவரை இழந்தவர். முதல் வீட்டுக்குக் கார் வந்தது. அது சந்தில் நின்றது. ஒருநாள் இரவு கடைசி வீட்டு அம்மாவுக்கு நெஞ்சுவலி. 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. காருக்கும் சுவருக்கும் இடையில் தூக்குப்படுக்கையைச் சாய்த்துப் பிடித்துக் கொண்டுபோனவர்களில் நாமும் இருந்தோம். அம்மா பிழைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள், "இத்தனை நாளாக வண்டியை எடுக்கச் சொல்லி ஏன் கேட்கவில்லை?" என்று கேட்டோம். "கேட்டால் வழி கிடைக்கும், சாமி. பங்காளி உறவு போய்விடுமே" என்றார்.

வழியைக் கேட்டால் உறவு போய்விடும் என்று ஒருவர் அஞ்ச நேர்வது அந்தச் சந்தின் குற்றமா, காரின் குற்றமா? இரண்டுமல்ல என்பது நம் எண்ணம். அந்தச் சந்து எதற்காக விடப்பட்டது என்பதை நாம் மறந்துவிட்டோம். மறக்கக் கூடாதென்றுதான் நம் முன்னோர் அதை எழுதியே வைத்தார்கள்.

தருமபுரி, சேலம் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரங்களையும் பாகப்பிரிவினைப் பத்திரங்களையும் எடுத்துப் பாருங்கள். நான்கெல்லையைச் சொல்லி முடித்த கையோடு, மாமூல் தடபாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம், பொதுவில் போக வர உள்ள பாத்தியம் என்றெல்லாம் வரும். பத்திர எழுத்தர்களின் தமிழை நாம் கேலி செய்வதுண்டு. ஆனால் இந்த ஓரிடத்தில் அவர்களின் சொல் எந்தக் கவிஞரின் சொல்லுக்கும் குறையாத துல்லியம் கொண்டது. ‘போக, வர’ என்று இரண்டே வினைகள். நிற்க என்றோ நிறுத்த என்றோ வைத்துக்கொள்ள என்றோ எழுதியிருக்காது. வழி என்பது நடைபெறும் ஒரு செயல். செயல் முடிந்ததும் இடம் மறுபடி வெறுமையாகிவிட வேண்டும். அடுத்தவர் போவதற்கு அந்த வெறுமையே தேவை. சந்தில் வண்டியை நிறுத்துகிறவர் எழுதப்படாத மூன்றாவது வினை ஒன்றைத் தாமாகவே பத்திரத்தில் சேர்த்துக்கொள்கிறார். அது மற்ற இரண்டு வினைகளையும் அழித்துவிடுகிறது.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்குப் பொருந்தும்படி வந்த சட்டம். அதன் 13-ஆம் பிரிவின்படி, கூட்டுச் சொத்து பாகம் பிரியும்போது ஒருவர் பங்கை அனுபவிக்க இன்னொருவர் பங்கின் வழியாகப் போவது இன்றியமையாததாக இருந்தால், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்த வழி அவருக்கு உண்டு. 15-ஆம் பிரிவின்படி, 20 ஆண்டுகள் அமைதியாகவும் வெளிப்படையாகவும் இடையறாமலும் உரிமையோடு பயன்படுத்திய வழியும் உரிமையாகிறது. 28-ஆம் பிரிவில் எளிய வரி ஒன்று இருக்கிறது: ஒருவகை வழியுரிமை இன்னொரு வகை வழியுரிமையை உள்ளடக்காது. நடந்துபோக மட்டுமே உரிமை பெற்றவர் அதைக் கொண்டே வண்டி ஓட்டக் கோர முடியாது. நடைக்கும் வண்டிக்குமே இவ்வளவு வேறுபாடு பார்க்கும் சட்டத்திடம், போவதற்கான உரிமையிலேயே நிறுத்துவதும் அடக்கம் என்று வாதாடுவது எப்படி?

முதல் வீட்டுக்காரர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்: "அது எனக்கும் சொந்தமான இடம்தானே?" சரியான கேள்வி. சந்து ஒருவருக்கே சொந்தமாகி மற்றவர்களுக்கு வழி மட்டும் இருப்பது ஒருவகை. சந்தே எல்லோருக்கும் பொதுவில் சொந்தமாயிருப்பது இன்னொரு வகை. பத்திரத்தைப் படித்தால்தான் எது என்று தெரியும். ஆனால் இரண்டிலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை. முதல் வகையில் நிலத்துக்கு உடையவரே ஆனாலும் அடுத்தவர் வழியை மறிக்கக் கூடாது. இரண்டாம் வகையில் கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் மற்றவர்களை வெளியே தள்ளும் விதத்தில் பயன்படுத்தக் கூடாது.

"கொஞ்சம் ஓரமாகத்தானே நிற்கிறது" என்பது அடுத்த பதில். இதற்குக் கணக்கே விடை சொல்லும். எட்டடி என்பது 2.44 மீட்டர். சிறிய கார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் மிஞ்சுவது மூன்றடிக்குச் சற்று மேல். ஆள் நடக்கலாம், இருசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலமுள்ள 108 வண்டி நுழைய முடியாது. சந்து பத்தடியாக இருந்தாலும் முடியாது. பன்னிரண்டடி இருந்தால், பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு, ஓட்டுநர் கெட்டிக்காரராகவும் இருந்தால் ஒருவேளை முடியலாம். மாட்டுவண்டியை மனத்தில் வைத்து அளந்த சந்துகள் இவை. வண்டி வந்தது, மூட்டையை இறக்கியது, மாடு தொழுவத்துக்குப் போயிற்று. நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் ஒரு பொருளை அளந்தவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வீட்டுக்காரரை வில்லனாக்கிவிடுவது நம் நோக்கமன்று. அவர் சங்கடமும் உண்மையானது. மனை முழுவதும் வீடு கட்டிய காலத்தில் கார் என்பது அவர்கள் கனவிலும் இல்லை. இந்த மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய், பல ஆண்டு உழைப்புக்குப் பின் ஒரு கார் வாங்குகிறார்கள். பொங்கலுக்கு அதில் ஊருக்கு வருவது அவர்கள் அடைந்த உயர்வின் அடையாளம். தெருவில் விட்டால் யாராவது கீறிவிடுவார்கள் என்ற அச்சமும் நியாயமானது. ஆனால் நிறுத்த இடமில்லாமல் வாங்கியதன் விலையை யார் கொடுக்க வேண்டும்? வாங்கியவரா, சந்தின் கடைசியில் இருப்பவரா? பாகப்பிரிவினைகளில் கடைசி வீடு பெரும்பாலும் யாருக்குப் போகிறது என்பதை நம் ஊர்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். இளையவருக்கோ, கைம்பெண்ணுக்கோ, வாதாடத் தெரியாதவருக்கோதான் போகிறது. பேச வல்லவர் தெருவோரத்தை எடுத்துக்கொள்கிறார். ஆகையால் சந்தில் நிற்கும் கார் அந்தக் குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்பதையும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

ஊர்ப்புறத்தில் இதே வழக்கு இன்னும் கடுமையாகிறது. பாலக்கோட்டுப் பக்கத்தில் தக்காளி பறித்த அன்றே மண்டிக்குப் போக வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு பிடுங்கிய பின் நாள்கணக்கில் காத்திருக்காது. முன்னால் இருக்கும் நிலத்துக்காரர் தடத்தின் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாவியோடு சந்தைக்குப் போய்விட்டால், பின்னால் இருப்பவரின் ஒரு பருவ உழைப்பு அழுகிப் போகும். அடித்து நொறுக்கவோ தீ வைக்கவோ தேவையில்லை. ஒரு வண்டியைச் சும்மா நிறுத்தினாலே போதும்.

வழியை மறிப்பது இவ்வளவு ஓசையற்ற ஆயுதமாக இருப்பதால்தான் சாதியும் அதைத் தொடர்ந்து கையாண்டு வந்திருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்துப் பாதை திறந்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தால் அடைபட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியானதும் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. பங்காளிகளின் கார்ச் சண்டையையும் இந்தக் கொடுமையையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆயினும், ‘என் இடத்தில் நான் எதையும் வைப்பேன், நீ எப்படிப் போவாய் என்பது என் கவலையன்று’ என்ற வாக்கியம் இரண்டுக்கும் பொது. அதை நம் சந்தில் பழகிக்கொண்டவர்கள் ஊர் எல்லையில் எப்படி மறப்போம்?

இனி, செய்யத்தக்கது என்ன? வழி மறிக்கப்பட்டவருக்கு முதலில் தோன்றுவது டயரின் காற்றைப் பிடுங்குவது. அது கூடாது. வழியுரிமை உடையவராயினும் தடையைத் தாமே அகற்றக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 36-ஆம் பிரிவு. சண்டை கைகலப்பாகும் நிலையில், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவாகியிருக்கும் விதியின்கீழ் நிர்வாக நடுவர் விசாரித்துத் தற்காலிக ஆணை இடலாம். ஆனால் ஆண்டு முழுவதும் உள்ள வழியென்றால், முறையீட்டுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். உறவு கெட்டுவிடுமே என்று வாய்மூடி ஆண்டுகளைக் கடத்துகிறவர் அறியாமலேயே தம் கையைக் கட்டிக்கொள்கிறார். உரிமையியல் நீதிமன்றத்தின் வழியோ நீண்டது: முன்சீப் கோர்ட், ஆணையர் அளவை, மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. எட்டடிச் சந்துக்காக இரண்டு தலைமுறை கோர்ட்டுப் படியேறிய குடும்பங்கள் தமிழகத்தில் குறைவல்ல. அதைவிட மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றம் மேல். அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு பிறக்கும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. அதன்மேல் மேல்முறையீடும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றும் நாள்தோறும் பாகப்பிரிவினைகள் எழுதப்படுகின்றன. அவற்றில் ‘பொதுவில் போக வர’ என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சந்தின் அகலம் எத்தனை அடி, எந்த வண்டி வரை போகலாம், எங்கே திருப்பலாம் என்று எழுதுங்கள். சந்தில் எந்த வண்டியும் எந்நேரமும் நிறுத்தலாகாது என்று ஒரு வரி சேருங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக இடம் ஒதுக்கி வரைபடத்தில் காட்டிப் பதிவு செய்யுங்கள். அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் இருக்கும்வரை இது தேவைப்படாமலே போகலாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பகையாமல் இருப்பதற்காகவே இந்த வரி.

நாம் தொடங்கிய சந்தில் இப்போது என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறோம். கார் இப்போது தெருவில் நிற்கிறது. யாரும் வழக்குப் போடவில்லை, பஞ்சாயத்தும் பேசவில்லை. அந்த இரவில் தூக்குப்படுக்கையின் தலைமாட்டைப் பிடித்தவர்களில் முதல் வீட்டுக்காரரும் ஒருவர். தம்முடைய காரின் மேல் தம்முடைய சித்தியின் கை உரசிக்கொண்டு போனதை அவர் பார்த்தார். ஒவ்வொரு சந்துக்கும் அப்படி ஓர் இரவு வரட்டும் என்று காத்திருக்க முடியுமா?