படியும் பளபளப்பும்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் ஆபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் உற்பத்தியான எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் மோட்டாரை இன்றும் அனேகர் கண்மணியெனப் பேணி வருகின்றனர். கதவைத் திறந்ததும் காலடியில் தெரியும் படியின் மேல்தகடு நசுங்கி, ஓரத்துப் பைப்பிங்கும் பிய்ந்துவிட்டால், புதியவற்றை வாங்கிப் பொருத்துவது அற்பக் காரியமென்றே தோன்றும். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

இவ்வண்டிக்குத் தனியாகச் சட்டம் கிடையாது, உடற்கூடே சட்டம். மேற்கூரையில்லாத வண்டியிலோ, நடுப்பகுதி தொய்யாமல் தாங்குவதில் பெரும்பங்கு இவ்விரு படிகளுடையதே. அலங்காரத்தின் அடியில் தங்கும் ஈரம் அவற்றை ஓசையின்றி அரித்துவிடும். ஆகவே, பழைய தகட்டைக் கழற்றியவுடன் திருப்புளி நுனியால் படியைக் குத்திப் பார்த்தல் அவசியம். இரும்பு இடங்கொடுத்தால் அலங்காரத்தை ஒத்திவைத்துப் படியையே மாற்ற வேண்டும். அப்பொழுதும், முட்டுக் கொடாமல் வெட்டினால் கூடு வளைந்து, பிறகு கதவு சரியாக மூடாது.

துருவின்மேல் புதுத்தகடு பொருத்தி விற்போரும் உண்டு. வாங்குகிறவர் தம் குடும்பத்தை அதில் ஏற்றிச் செல்வார். அத்தகைய வேலையைப் பழுதுபார்த்தல் என்று அழைக்க நாம் இசையோம்.