சுட்டிய விரலும் மீட்ட சொல்லும்

வரலாற்று ஓவியங்கள் மறைந்த காலத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. அவ்வாறு நிறுத்தும்போது அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டாது விடுகின்றன என்று ஆராய்வது கற்றோர் கடன்.

டாம்கின்ஸ் ஹாரிசன் மேட்டசன் என்னும் அமெரிக்க ஓவியர் 1855இல் தீட்டிய ‘ஜார்ஜ் ஜேக்கப்ஸ் மீதான விசாரணை’ அத்தகைய ஓவியங்களுள் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகர அருங்காட்சியகத்தில் அது இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் குடியேற்றமாக அம்மண் இருந்த 1692இல், சூனியக் குற்றம் சாட்டப்பட்ட முதியவர் ஒருவரின் விசாரணையே அதன் பொருள். நரைத்த முடியோடு ஜேக்கப்ஸ் மண்டியிட்டுக் கைநீட்டி மன்றாடுகிறார். இளம்பெண் ஒருத்தி அவரை நோக்கி விரல் சுட்டுகிறாள். அவள் அவருடைய பேத்தி மார்கரெட் என்பர். மன்றமெங்கும் கூச்சலும் கொந்தளிப்பும்.

இவ்வோவியம் நம் நெஞ்சை உலுக்குகிறது. எனினும் முழு உண்மையை உரைக்கவில்லை என்பதே நம் கருத்து. வெறிகொண்ட கூட்டமே அநீதி இழைத்தது என்று எண்ண அது நம்மைத் தூண்டுகிறது. உண்மையில் அக்கொலைகள் ஒழுங்காகவே நடந்தேறின. பிடியாணை இருந்தது, வாக்குமூலம் பதிவாயிற்று, நடுவர் குழு அமர்ந்தது, நீதிபதிகள் தீர்ப்புரைத்தனர். ‘இவரது ஆவியுரு வந்து எம்மை வதைத்தது’ என்று ஒருவர் கூறினால், பிறர் கண்ணுக்குப் புலப்படாத அதுவும் சான்றாயிற்று. வீட்டில் உறங்கிக் கொண்டிருந்தவர் அதனை எங்ஙனம் மறுப்பார்?

குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்ற எவரும் தூக்கிலேற்றப்படவில்லை. ‘நான் குற்றமற்றவன்’ என்றவர்களே கயிற்றுக்கு இரையாயினர். மார்கரெட்டும் இந்த அச்சத்துக்கு ஆட்பட்டே பொய்யுரைத்தாள். ஆனால் அவள் அத்தோடு நிற்கவில்லை. சொன்னது பொய் என்று வாக்குமூலத்தை மீட்டுக்கொண்டாள். பொய் அவள் உயிரைக் காக்கும். மெய் அதனைப் பறிக்கும். அந்நிலையிலும் அவள் மெய்யையே தேர்ந்தாள். பொய்யை விரைந்து ஏற்ற நீதிமன்றம் மெய்யைச் செவிமடுக்கவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஜேக்கப்ஸ் தூக்கிலிடப்பட்டார். மறுநாள், தானும் சாவை எதிர்நோக்கிய நிலையில், சிறையிருட்டிலிருந்து தந்தைக்கு மடல் எழுதினாள் அப்பேத்தி. 1693இல் அவள் குற்றமற்றவள் எனத் தீர்ப்பாயிற்று.

அவ்வழக்குகளில் தூக்கிலிடப்பட்டோர் 19 பேர். கற்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டவர் ஒருவர். சிறையில் மாண்டோர் குறைந்தது ஐவர். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவல் 1697இல் பாஸ்டன் வழிபாட்டு மன்றத்தில் எழுந்து நின்று, தம் பழியை ஏற்கும் அறிக்கையைப் பலரறியப் படிக்கச் செய்தார். 1711இல் ஜேக்கப்ஸ் உள்ளிட்ட பலர்மீதான தண்டனை நீக்கப்பட்டு, குடும்பத்தார்க்கு இழப்பீடு வழங்கப்பட்டது. போன உயிர் மீளவில்லை.

மேட்டசன் சுட்டிய விரலைத் தீட்டினார்; மீட்ட சொல்லைத் தீட்டவில்லை. அதனை நினைவில் நிறுத்துவது நம் பொறுப்பு. நாளை நீதிமன்றிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் தீர்ப்புரைக்கப் போகும் மாணவர்களும், இன்று குடும்ப வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பெரியோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மறுக்க வழியற்ற சான்று சான்றாகாது. அச்சுறுத்திப் பெற்ற சொல் வாக்குமூலமாகாது. பொய்யுரைத்தவர் திரும்பி வந்து மெய்யுரைக்கும்போது கேட்கும் செவி இருத்தல் வேண்டும். அச்செவி இல்லாத மன்றம் எத்துணை ஒழுங்காக நடப்பினும் அதனை நீதிமன்றம் என்று நாம் ஒப்புதற்கில்லை.